மயக்க ஊசியும் யானையின் இதயமும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் பயிர்களைச் சேதப்படுத்தி வந்த மக்னா யானை ஒன்று, 2023 பிப்ரவரி 5 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது. தந்தமில்லாத ஆண் யானையையே மக்னா என்கிறோம். கும்கியின் துணையுடன் லாரியில் ஏற்றப்பட்ட அந்த யானை, ஆனைமலை புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. புதிய காட்டில் அது தங்கவில்லை. பொள்ளாச்சி வழியாகக் கோவை மாநகரின் விளிம்பு வரை நடந்தே வந்துவிட்டது. அதே மாதத்தில் இரண்டாவது முறையாக ஊசி செலுத்தப்பட்டது. மீண்டும் காடு, மீண்டும் ஊர். ஜூலை 31 அன்று சரளப்பதியில் மூன்றாவது முறையாகப் பிடிபட்டது. ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை மயக்கம்.

ஒவ்வொரு முறையும் ‘மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில் செய்தி முடிந்துவிட்டது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், கணக்கில் எழுதப்படாத செலவும் செலவுதான் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் மறைந்திருக்கும் செலவு என்ன என்று அறியும் ஆவலில் கால்நடை மருத்துவ நூல்களைப் புரட்டினேன். அங்கே கண்டவற்றைப் பொதுவாசகர்களும் அறிந்திருப்பது நல்லது.

பெரிய விலங்குகளை மயக்கத்தில் ஆழ்த்துவது பற்றி மருத்துவ உலகம் மிகுதியாகக் கற்றது குதிரைகளிடமிருந்துதான். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை, வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றே கழிக்கும் விலங்கு. அறுவைச் சிகிச்சைக்காக அதை மணிக்கணக்கில் படுக்க வைக்கும்போது மூன்று சிக்கல்கள் சேர்ந்து வருகின்றன. முதலாவது, ஐசோஃப்ளூரேன் போன்ற சுவாசவழி மயக்க மருந்துகள் இதயத் தசையின் சுருங்கும் வலிமையைக் குறைக்கின்றன. இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. விளைவாக, இரத்த அழுத்தம் சரிகிறது. இரண்டாவது, உடலின் எடை முழுவதும் அடிப்பக்கத் தசைகளை நசுக்குகிறது. சராசரி இரத்த அழுத்தம் நெடுநேரம் 70 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், நசுங்கிய தசைகளுக்கு இரத்தம் போய்ச் சேர்வதில்லை. அறுவை வெற்றியாக முடிந்தும், தசை பாதிக்கப்பட்டு எழுந்து நிற்க முடியாத குதிரைகள் உண்டு. மூன்றாவது, வயிற்றின் பெரும்பாரம் உதரவிதானத்தைத் தள்ளுவதால் நுரையீரலின் ஒரு பகுதி அமுங்குகிறது. அப்பகுதிக்கு இரத்தம் போகிறது, காற்று போவதில்லை. அதனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது.

இதன் விலையை எண்களே சொல்கின்றன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், மயக்கத்துக்குப் பின் ஏழு நாள்களுக்குள் இறந்தவை ஏறத்தாழ 1.9 விழுக்காடு. அவசர வயிற்று அறுவைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 0.9 விழுக்காடு, அதாவது நூற்றில் ஒன்று. இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இதயம் நின்றுபோனதோ இரத்த ஓட்டம் வீழ்ந்ததோ காரணம். அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், மனிதர்களுக்கான மயக்கச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து பன்மடங்கு பெரிது.

இவை அனைத்தும் மருத்துவமனைக்குள் நிகழ்பவை என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே குதிரையை எடை போட்டிருப்பார்கள். இதயத் துடிப்பைக் கேட்டிருப்பார்கள். மெத்தையில் படுக்க வைத்திருப்பார்கள். இரத்த அழுத்தம் சரிந்தால் டோபுடமின் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி உயர்த்துவார்கள். பாலக்கோட்டின் வயல்வெளியில் நிற்கும் காட்டு யானைக்கு இவற்றில் எது உண்டு? அதன் எடை கண்ணளவில் மதிப்பிடப்படுகிறது. அதன் உடலுக்குள் என்ன நோய் இருக்கிறது என்பது ஊசி போடுபவருக்குத் தெரியாது.

இந்தியாவில் யானைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது சைலசினும் கெட்டமினும் சேர்ந்த கலவை. சைலசின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, முதலில் அழுத்தத்தை ஏற்றுகிறது. இதயத் துடிப்பைத் தணிக்கிறது. பிறகு அழுத்தத்தையும் இறக்குகிறது. கெட்டமின் இதற்கு எதிர்த்திசையில் இதயத்தைத் தூண்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதே இந்தக் கலவையின் தர்க்கம். ஆனால், விரட்டப்பட்டு, பட்டாசு வெடித்து, கூட்டம் கூச்சலிட்டு மிரண்டு நிற்கும் விலங்கின் இரத்தத்தில் அட்ரீனலின் ஏற்கெனவே பொங்கியிருக்கும். வழக்கமான அளவு மருந்து அதற்கு எட்டாது; கூடுதல் ஊசிகள் தேவைப்படும். அட்ரீனலினும் மருந்தும் மோதும் அந்த நேரத்தில்தான் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். சைலசினுக்கு முறிவு மருந்து இருக்கிறது, கெட்டமினுக்கு இல்லை.

யானையின் உடலமைப்பு இன்னொரு சிக்கல். மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அது இணைப்புத் திசுவால் நிரம்பி, நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியே இருக்கிறது. எனவே மூச்சு விடுவதற்கு மார்பும் உதரவிதானமும் தடையின்றி அசைய வேண்டும். மயங்கிய யானை மார்பு தரையில் படும்படி கவிழ்ந்து அமர்ந்துவிட்டால், குடலின் பாரம் உதரவிதானத்தை அழுத்தி மூச்சு திணறும். சில நிமிடங்களில் அதைப் பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். பல டன் எடையுள்ள உடலைச் சாய்ப்பது எளிதா? அதனால்தான் நம் மருத்துவர்கள் யானையைப் படுக்க விடாமல், நின்ற நிலையிலேயே அரைமயக்கத்தில் வைத்து, இருபுறமும் கும்கிகளை நிறுத்தி லாரியில் ஏற்றுகிறார்கள். கும்கி வெறும் காவலாள் அல்ல. யானையின் மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் அது ஒரு முட்டுக்கால்.

இம்முறை பலன் தராதது என்று சொல்ல வரவில்லை. பலரைக் கொன்றதாக அஞ்சப்பட்டு 1998இல் கூடலூர்ப் பகுதியில் பிடிக்கப்பட்ட மூர்த்தி என்ற மக்னா, தெப்பக்காடு முகாமில் கும்கியாகி 2024 வரை வாழ்ந்தது. மறுபக்கமும் உண்டு. கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் பிடித்து இடமாற்றப்பட்ட ‘தண்ணீர் கொம்பன்’ என்ற யானை, 2024 பிப்ரவரி 2 அன்று கேரளத்தின் மானந்தவாடி நகருக்குள் வந்தது. மூன்று வாரங்களுக்குள் இரண்டாம் முறையாக மயக்கப்பட்டு, பந்திப்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாளே இறந்தது. அதன் நுரையீரலில் தொற்று இருந்ததாகவும் இதயம் செயலிழந்ததாகவும் பிரேதப் பரிசோதனைக்குப் பின் செய்திகள் வந்தன. மருந்தை மட்டுமே குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் நோயுற்ற உடல், நெடுநேர அச்சம், மயக்கம், லாரிப் பயணம் என அனைத்தும் ஒரே இதயத்தின் மீது ஏற்றப்பட்டன என்பதை மறுக்கவும் முடியாது.

ஒரே இரவில் கேழ்வரகும் வாழையும் மிதிபட்டு நிற்கும் விவசாயியிடம் யானையின் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுவது கொடுமையாகத் தோன்றலாம். அவருடைய இழப்பு உண்மையானது. அதே 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயை இழந்தன. விரக்தி எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு அது சான்று. ஆகவே ‘பிடிக்கவே கூடாது’ என்பது தீர்வாகாது.

ஆனால் சில நெறிகளை நாம் கோரலாம். ஒவ்வொரு மயக்க நடவடிக்கைக்குப் பின்னும் மருந்தின் அளவு, ஊசிகளின் எண்ணிக்கை, இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றை வனத்துறை பொதுவெளியில் வைக்க வேண்டும். ஒருமுறை மயக்கப்பட்ட யானைக்கு மறுமுறை ஊசி போடுவதற்குக் குறைந்தபட்ச இடைவெளி வகுக்கப்பட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. நடவடிக்கை விடியலின் குளிர்ச்சியில் தொடங்கப்பட வேண்டும். வேடிக்கைக் கூட்டம் கண்டிப்பாகத் தடுக்கப்பட வேண்டும். கைப்பேசியோடு ஓடுகிற ஒவ்வொருவரும் அந்த யானைக்குக் கூடுதல் மருந்து தேவைப்படக் காரணமாகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிர் இழப்பீடு தாமதமின்றிக் கிடைத்தால், ‘பிடித்துக்கொண்டு போங்கள்’ என்ற குரலின் வேகம் தானே தணியும்.

பாலக்கோட்டு மக்னா மூன்று முறையும் கண் விழித்தது. அது மருத்துவர்களின் திறமை; ஓரளவு நல்வாய்ப்பும்கூட. நல்வாய்ப்பை நம்பி ஒரு கொள்கையை நடத்திச் செல்ல முடியாது. அடுத்த முறை ‘மயக்க ஊசி செலுத்தப்பட்டது’ என்று செய்தி வரும்போது, எத்தனை ஊசி, எத்தனையாவது முறை என்று கேட்போம்.