'இல்லை' என்பதையும் எழுதி வைப்போம்!
நோய்க் கண்காணிப்பில் வணிகர்களின் பங்கு

வியாபாரம் நடக்காத நாளிலும் நாள்வழியில் தேதியைப் போட்டு, 'இன்று வரவு இல்லை' என்று எழுதி வைப்பது நம் பெரியவர்கள் கற்றுத் தந்த பழக்கம். பக்கம் வெறுமையாகக் கிடந்தால், வரவு இல்லையா அல்லது எழுத மறந்துவிட்டார்களா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நம் நாட்டிலிருந்து இளம்பிள்ளை வாதத்தை விரட்டிய பெரிய காரியத்துக்கும் இந்தப் பழக்கமே துணை நின்றது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். சொட்டு மருந்து கொடுத்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதன் பின்னால் நடந்த கணக்கு வேலையை அறிந்தவர்கள் குறைவு. வணிகர்களாகிய நாம் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் பற்றிய சரியான தகவல் பிந்தினால் முதலில் அடி வாங்குவது கடைத்தெருதான்.

சூரத் தந்த பாடம்

1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியது. ஜவுளிக்கும் வைரத்துக்கும் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்து சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் வெளியேறினர். தொழில்கள் ஸ்தம்பித்தன. சில நாடுகள் இந்தியாவுடனான விமானப் போக்குவரத்தையே நிறுத்தின. நோயால் இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு; பீதியால் வந்த நஷ்டமோ கோடிக்கணக்கில். எங்கே, எத்தனை பேருக்கு, என்ன நோய் என்பதை உடனுக்குடன் உறுதியாகச் சொல்லும் ஏற்பாடு இல்லாததால் வதந்திக்குக் கால் முளைத்தது.

அதன் பிறகுதான் தேசிய அளவில் நோய்க் கண்காணிப்புக்கு வேகம் பிறந்தது. 2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்டங்களிலிருந்து வாரந்தோறும் நோய் விவரங்களைத் திரட்டுவது அதன் முக்கியப் பணி. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது கொரோனாவுக்குத் தடுப்பூசி இல்லை. தடுப்பூசி உள்ள நோய்களின் கதை வேறு. அவற்றை முன்கூட்டியே கண்டுகொண்டால் ஊசியாலும் சொட்டு மருந்தாலும் அணை போட்டுவிடலாம்.

போலியோ கணக்கு எழுதிய விதம்

1995-இல் நாடெங்கும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 1997-இல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தை அமைத்தன. அதன் விதி மிக எளிது. 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை அல்லது கால் துவண்டு போனால், காரணம் எதுவாக இருந்தாலும் தகவல் தர வேண்டும். அது போலியோவா இல்லையா என்று சொல்லுகிறவர் தீர்மானிக்க வேண்டியதில்லை. அதைப் பரிசோதனைக் கூடம் பார்த்துக்கொள்ளும்.

தகவல் வந்ததும் அதிகாரி நேரில் சென்று விசாரிப்பார். கால் துவண்ட 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை குழந்தையின் மலம் எடுக்கப்பட்டு, குளிர்ப் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குப் போகும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அத்தகைய கூடங்களில் ஒன்று. வழியில் ஐஸ் உருகினால் என்ன ஆகும் என்பதை மீனும் பாலும் விற்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருமி இருந்தால் அதன் மரபணுவையும் ஆராய்வார்கள். மூட்டையின் மார்க்காவைப் பார்த்து இது எந்த மில் சரக்கு என்று நாம் சொல்வதுபோல, அந்தக் கிருமி எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தகவல் கொடுப்போர் பட்டியலில் பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இல்லை. தனியார் டாக்டர்கள், நாட்டு வைத்தியர்கள், மந்திரிப்பவர்கள்கூட அதில் சேர்க்கப்பட்டார்கள். கால் விளங்காத குழந்தையை ஏழைத் தாய் முதலில் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாளோ அங்கேதானே கண் இருக்க வேண்டும்! ஆஸ்பத்திரிகள் வாரந்தோறும் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒருவரும் வராவிட்டாலும் 'இல்லை' என்று எழுதி அனுப்பியாக வேண்டும்.

எடைக்கல்லுக்கு முத்திரை

'இல்லை' என்று எழுதுவது உண்மையா, சோம்பலா? இதைச் சோதிக்கவும் வழி வைத்தார்கள். போலியோ அல்லாத வேறு காரணங்களாலும் குழந்தைகளுக்குக் கைகால் துவள்வது உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றாவது அப்படிக் கண்ணில் பட வேண்டும் என்பது உலக அளவுகோல். லட்சக்கணக்கில் பிள்ளைகள் உள்ள ஒரு மாவட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றுமே இல்லை என்றால், அங்கே நோய் இல்லை என்று பொருளல்ல. தேடுகிறவர்கள் தூங்குகிறார்கள் என்று பொருள். நம் எடைக்கல்லை முத்திரை போட்டுச் சரிபார்ப்பது போன்றதே இது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? போலியோ கிருமி தொற்றுகிற சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் விளங்காமல் போகிறது. மற்றவர்கள் நடமாடிக்கொண்டே கிருமியைப் பரப்புவார்கள். ஒரு குழந்தை கண்ணில் பட்டால், கண்ணில் படாதவர்கள் எத்தனையோ பேர் என்று கொண்டு, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லோருக்கும் உடனே சொட்டு மருந்து கொடுத்தாக வேண்டும்.

பலன் என்ன? 2009-இல் நம் நாட்டில் போலியோ கண்டவர்கள் 741 பேர். 2010-இல் 42. கடைசியாக 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்காளம் ஹவுராவில் ஒரே ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்ததாகச் சான்றிதழ் கிடைத்தது.

இதில் நம் பக்கத்து முன்னோடி ஒன்றும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1980களிலேயே வட ஆற்காடு மாவட்டத்து டாக்டர்களை, நோய் கண்டதும் தபால் கார்டில் எழுதிப் போடும்படி கேட்டு, வந்த விவரங்களைத் தொகுத்து அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். கார்டு அனுப்பியவருக்குப் பலன் தெரிந்தால்தான் அடுத்த கார்டும் வரும் என்பது அவர் கண்ட உண்மை.

நாம் செய்ய வேண்டியது

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் 2024-இலும் போலியோ இருந்தது. தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகியவை தடுப்பூசி தவறிய பிள்ளைகளை நம் நாட்டிலும் தேடி வருகின்றன. அம்மை கண்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கத்தால், பல குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஊர்ச் செய்தி முதலில் வந்து சேருமிடம் மளிகைக் கடை. நம் மண்டிகளிலும் கிடங்குகளிலும் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறார்கள். சுகாதாரத் துறையின் பட்டியலில் எளிதில் விடுபட்டுப் போவது அவர்கள் பிள்ளைகள்தான். ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

ஒன்று, நம்மிடம் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்போம். இல்லையென்றால் சுகாதாரச் செவிலியருக்குச் சொல்லிவிட்டு, ஊசி போடப் போக அரை நாள் சம்பளத்தோடு விடுப்பும் கொடுப்போம்.

இரண்டு, குழந்தைக்குக் கைகால் துவண்டாலோ, காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு கண்டாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 என்ற எண்ணுக்கோ தகவல் தருவோம். வெளியே தெரிந்தால் கடைக்குக் கெட்ட பெயர் என்று மறைக்க வேண்டாம். நோயைக் காரணம் காட்டி அந்தக் குடும்பத்தை வெளியே அனுப்பவும் வேண்டாம். அனுப்பினால் நோயும் அவர்களோடு அடுத்த ஊருக்குப் போகும். தகவல் சொன்னால் வருகிறவர்கள் ஊசிப் பெட்டியோடு வருவார்கள், பூட்டோடு அல்ல.

மூன்று, உறுதியாகத் தெரியாத செய்தியைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பரப்ப வேண்டாம். சூரத்தைக் காலி செய்தது பாதி நோய், பாதி வாய்.

கிளைச் சங்கங்கள் தங்கள் மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கடைத்தெருவில் தடுப்பூசி தவறிய பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக் குறிப்பேட்டில் பதிய வேண்டுகிறோம். இருந்தால் பெயரை எழுதுவோம். இல்லாவிட்டாலும், விசாரித்த பிறகு, 'இல்லை' என்று எழுதி வைப்போம்.