பின்கட்டு விறகடுப்பையும் கொஞ்சம் கவனியுங்கள்



தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம்ம ஊர்களில், மாடம்பாக்கம் ஆகட்டும், அகரம்தென் ஆகட்டும், முடிச்சூர் ஆகட்டும், இப்போது எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் கேஸ் அடுப்பு இருக்கிறது. 2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்புக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம் கேஸ் இல்லாத வீடு குறைந்துபோச்சு. ஆனால் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச என்று அங்கே ஒரு விறகடுப்பு உட்கார்ந்திருக்கும். சிலிண்டர் தீர்ந்துபோனால் சோறும் அதில்தான் வேகும்.

அடுப்பு வீட்டுக்குள் இருந்த காலத்தில் தாய்மார்கள் வாரா வாரம் சாணம் கரைத்து அதை மெழுகுவார்கள், கோலம் போடுவார்கள். மெழுகும்போது கை அடுப்பு முழுக்கப் படும். எங்கே விரிசல், எந்தக் குமிழ் தேய்ந்திருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். அடுப்பு பின்கட்டுக்குப் போனதும் மெழுகுவது நின்றது. கூடவே பராமரிப்பும் நின்றுபோச்சு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் விரிசலைப் பாருங்கள். பக்கச் சுவரில் பிளவு இருந்தால் தீ நாக்கு வெளியே வரும், சேலைத் தலைப்பைப் பிடிக்கும். மூன்று குமிழும் ஒரே உயரமாக இல்லாவிட்டால் பானை ஆடும். கொதிக்கிற தண்ணீர் கவிழ்வது இப்படித்தான். புற்றுமண் அல்லது களிமண்ணோடு கொஞ்சம் மணல், நறுக்கின வைக்கோல், சாணம் சேர்த்து ஒரு நாள் ஊறவையுங்கள். அடுப்பு நன்றாக ஆறின பிறகு விரிசலைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு அடைக்க வேண்டும். காய்ந்த விரிசலில் ஈரமண் ஒட்டாது. சிலபேர் சிமெண்டு வைத்துப் பூசுகிறார்கள். சூட்டில் அது வெடித்துப் பெயர்ந்துவிடும். பூசின அடுப்பை நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு மூன்று நாள் சிறு தீயாகப் போடுங்கள்.

அடுத்தது விறகு. பச்சை விறகில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடெல்லாம் போய்விடும், மிச்சம் புகைதான். சவுக்கைப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைமேல் அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கூரைக்கடியில் கொண்டுவந்துவிட வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது.

இப்போது நம்ம பக்கம் ஒரு புது வழக்கம். எங்கே பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே கழிக்கிற சென்ட்ரிங் பலகை, பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஒட்டுப்பலகைத் துண்டு எல்லாம் அடுப்புக்கு வருகிறது. காசில்லாமல் கிடைக்கிறதே என்று எரிக்கிறோம். பெயிண்ட், பசை, பலகையில் தடவின எண்ணெய் எல்லாம் நச்சுப் புகையாகி மூச்சுக்குள் போகிறது. தீ மூட்டப் பால் கவரைக் கொளுத்துவதும் இதே கதை. அரளிக் கட்டையும் அடுப்புக்கு ஆகாது, அது விஷம். தீ மூட்ட நமக்கு என்ன குறை? காய்ந்த சவுக்கு மிளாறும் தென்னம் பாளையும் போதுமே.

புகைதானே, கண் எரியும், போய்விடும் என்று எண்ணாதீர்கள். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோய்க்காரர்களுக்காகத் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்றே பாதி மருந்து என்று கருதின காலம் அது. நம்ம ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். ஆனால் பீடி, சுருட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் தீராத இருமலும் மூச்சிரைப்பும் வருகிறது. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

“புகைபோக்கி வைத்திருக்கிறோமே!” என்பீர்கள். 1983 வாக்கில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்து, ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. 2002-ல் அந்தத் திட்டம் முடிந்தது. கட்டினதில் ஏராளமான அடுப்புகள் சில வருஷத்திலேயே பாழாயின. குழாயில் கரி அடைத்துக்கொண்டது, துடைக்க ஆளில்லை, புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. குழாயில் படிகிற கரியும் தாரும் தாமே தீப்பிடிக்கக் கூடியவை. பக்கத்தில் கீற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும் காலை நேரத்தில், நீளமான கழியின் நுனியில் தென்னை நார்ப் பந்து கட்டி மேலிருந்து இடித்துத் துடைத்து, கீழே விழும் கரியை அள்ளிவிடுங்கள். குழாய் கூரைக்கு மேலே மூன்றடியாவது நிற்கட்டும். கீற்றையோ மூங்கிலையோ குழாய் தொடவே கூடாது.

கேஸ் சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கிற வீடுகள் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளம் பார்த்துப் போகும். அங்கே ஒரு கங்கு இருந்தால் போதும். இரண்டையும் பிரித்து வைத்தே ஆகவேண்டும். தணல் இருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றவே ஊற்றாதீர்கள். ஊற்றின கையோடு ஆவி பற்றிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

சாம்பல் விஷயத்தில் நானே ஏமாந்தவன். ஒருமுறை காலையில் அள்ளின சாம்பலைச் சாயங்காலம் எருக்குழி ஓரம் கொட்டினேன். தொட்டால் சூடே இல்லை. ராத்திரி காற்றடித்ததும் பக்கத்திலிருந்த வைக்கோல் புகைந்தது. நாய் குரைத்ததால் எழுந்து பார்த்தோம், இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டகை போயிருக்கும். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஓட்டை இல்லாத பழைய இரும்புச் சட்டியில் மூடி, இரண்டு நாள் வைத்துத் தண்ணீர் தெளித்து, அப்புறம் குழிக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குளிராமலிருக்க, தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்களே, அதையும் விட்டுவிடுங்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார்.

2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படித் தண்ணீரில் நின்ற அடுப்பில் உடனே பெருந்தீ போடாதீர்கள். ஈரம் ஆவியாகி மண் வெடிக்கும், நனைந்த கல்லும் தெறிக்கும். நன்றாக உலரவிட்டு, மிளாறு கொண்டு சிறு தீயில் ஆரம்பியுங்கள்.

அடுப்படிக்குப் போகும்போது நைலான் சேலை வேண்டாம், உருகி உடம்பில் ஒட்டும். பருத்திச் சேலை கட்டி, தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் இங்க், பற்பசை, மாவு எதையும் அப்பாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் காயத்தின்மேல் ஓடவிட்டு, சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-க்குப் போன் செய்யுங்கள். கூரை பிடித்துவிட்டால் 101.