மிதித்தவர்களின் விசுவாசம்

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று பிரசங்க பீடங்களிலிருந்து நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் துன்பம் தன்னளவில் எந்த நன்மையையும் செய்யவல்லதன்று. அது சிலரை உயர்த்துகிறது, சிலரை நொறுக்கிவிடுகிறது, பலரை வாயடைத்துப்போகச் செய்கிறது. அப்படியிருக்க, அது எவரிடத்தில், எவ்வழியாக விசுவாசத்தை ஆழப்படுத்துகிறது என்று அறிய விரும்புகிறவர் ஜப்பான் தேசத்து நாகசாகியையும், அந்நகரை அடுத்திருந்த உராகாமி என்னும் விவசாயக் கிராமத்தையும் பற்றிச் சற்று நின்று நிதானித்துப் படிக்கவேண்டும் என்பேன். வேதசாட்சிகளின் வீரத்தை மட்டும் போற்றிப் பழகிய நமக்கு அந்த ஊரார் வேறொரு பாடத்தை வைத்திருக்கிறார்கள்.

நமது முத்துக்குளித்துறைக் கரையோரம் பரதவ மக்களுக்குத் தமிழிலேயே ஜெபங்களைக் கற்பித்துத் திரிந்த பிரான்சிஸ் சவேரியார்தாம், 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி ககோஷிமாவில் கரையிறங்கி, ஜப்பானில் முதன்முதலாகக் கிறிஸ்து வேதத்தைப் போதித்தவர். அவர் விதைத்தது அடுத்த அறுபது ஆண்டுகளில் மூன்று லட்சம் பேர் வரை பெருகிற்று என்று சரித்திர ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். அந்த வளர்ச்சியே அரசாள்வோரின் ஐயத்தையும் வளர்த்தது. 1587இல் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி குருமாரை நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணையிட்டார்; பத்தாண்டுகளுக்குப் பின் 1597 பிப்ரவரி 5ஆம் தேதி நாகசாகியின் நிஷிசாகா குன்றில் இருபத்தாறு பேர் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் பம்பாய்க்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா. எல்லோரிலும் இளையவனான லூயிஸ் இபராகிக்கு வயது பன்னிரண்டு. 1614இல் தோக்குகாவா அரசு கிறிஸ்து வேதத்தை நாடு முழுவதும் தடைசெய்தது.

அதற்குப் பின் நடந்த வேதகலாபனை, கொல்வதைக் காட்டிலும் மறுதலிக்கச் செய்வதையே நோக்கமாகக் கொண்டது. வேதசாட்சியின் இரத்தம் பிறருக்குத் தைரியமூட்டுகிறது என்பதையும், மறுதலித்த ஒரு குருவானவர் ஆயிரம் பேரின் நெஞ்சைத் தளர்த்திவிடுவார் என்பதையும் அதிகாரிகள் கண்டுகொண்டார்கள். 1633இல் சேசு சபையின் ஜப்பான் தலைவராயிருந்த கிறிஸ்தோவா ஃபெரெய்ரா என்னும் போர்த்துகேயக் குரு, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டுச் சில மணி நேரத்தில் மனமுடைந்து வேதத்தை மறுதலித்தார். அந்தச் செய்தி எட்டிய இடங்களிலெல்லாம் விசுவாசிகளுக்கு எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. 1644இல் கோனிஷி மான்சியோ என்ற ஜப்பானியக் குரு கொல்லப்பட்டதோடு, பூசை செய்யவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அந்நாட்டில் ஒரு குருவும் இல்லாமற்போனார்.

எஞ்சியிருந்த ஏழை விவசாயிகளும் செம்படவர்களும் ஒவ்வொரு குடும்பமாகப் பௌத்த ஆலயங்களில் பெயர் பதிந்துகொள்ளவேண்டியிருந்தது. ஐந்து வீடுகள் ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டு, ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற நான்கும் பொறுப்பாக்கப்பட்டன. காட்டிக்கொடுப்போருக்கு வெள்ளிக்காசு வெகுமதி உண்டு என்ற அறிவிப்புப் பலகைகள் எங்கும் நின்றன. இவையெல்லாவற்றினும் கொடியது ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி நடந்த மிதிப்புச் சடங்கு. ஊர் மணியக்காரர் வீட்டில் கிறிஸ்துவின் உருவமோ தேவமாதாவின் உருவமோ பொறித்த ஒரு தகடு தரையில் வைக்கப்படும். ஊரார் ஒவ்வொருவராக வந்து வெறுங்காலால் அதன்மீது ஏறி இறங்கவேண்டும். எழுதுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வார். கைக்குழந்தையின் பாதத்தையும் தாய் அதன்மேல் பதிக்கவேண்டும்; படுக்கையில் கிடக்கும் நோயாளியின் காலடிக்குத் தகடே வந்து சேரும். பித்தளைத் தகடுகளில் சில இன்றளவும் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. முகமும் மூக்கும் முழங்கால்களும் தேய்ந்து மழுங்கிப்போய், எத்தனையோ பாதங்களின் சாட்சியாக அவை கிடக்கின்றன.

மிதிக்க மறுத்தவர்கள் இறந்தார்கள். ஆகவே வேதத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கையளித்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே மிதித்தவர்கள்தாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானில் கிறிஸ்து வேதத்தைச் சுமந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை அதை மறுதலித்தவர்கள் என்ற இந்த உண்மையை நாம் அவசரப்பட்டுக் கடந்துவிடலாகாது. துன்பம் விசுவாசத்தை ஆழப்படுத்தும் வழி, தவறாத திடமனத்தின் வழி ஒன்றே என்று எண்ணுகிறவர்களுக்கு உராகாமி விளங்காது.

மிதித்து வீடு திரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி அழுதார்கள். நாகசாகியில் தங்கியிருந்த ஆயர் லூயிஸ் செர்கேய்ராவின் முயற்சியால் 1603இல் வெளிவந்த ஒரு சிறு நூல் அவர்களுக்கு அரணாயிற்று. குருவானவர் கிடைக்காத நிலையில், தண்டனைக்கு அஞ்சி மட்டுமின்றி ஆண்டவர்மீதுள்ள அன்பினாலேயே தன் பாவத்துக்காக ஒருவன் மெய்யாக மனம் நொந்து, குரு கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வதாகப் பிரதிக்கினை செய்தால், அவனுக்கு மன்னிப்பு உண்டு என்பது அதன் போதனை. கத்தோலிக்க வேதசாஸ்திரத்தில் இது புதிய போதனையுமன்று. ஆனால் குருவும் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிற காலத்தில் ஏட்டளவில் கிடந்த அந்தப் போதனை, இவர்களுக்கோ நாள்தோறும் உண்ணும் உணவாயிற்று. கையெழுத்துப் படிகளாக அது வீட்டுக்கு வீடு மறைந்து சென்றது; எழுத்தறியாதவர்கள் மனப்பாடம் செய்தார்கள். மூன்று முறை மறுதலித்து, வெளியே போய் மனங்கசந்து அழுத பேதுருவின் இனத்தவர்கள் இவர்கள். தன் பலத்தைப் பற்றிய மயக்கம் முற்றிலும் நீங்கப்பெற்றவன் ஆண்டவருடைய இரக்கத்தை மட்டுமே பற்றிக்கொண்டு நிற்கிறான். துன்பம் விசுவாசத்துக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உபகாரம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

கண்ணீரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கிராமத்துக்குக் கிராமம் இரகசியச் சபைகளை அமைத்துக்கொண்டார்கள். ஒருவர் நாட்காட்டியைக் காத்து இன்ன நாள் திருநாள், இன்ன நாள் தவசுகாலம் என்று கணித்தார். ஒருவர் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் வீடுவீடாகச் சென்று செய்தி சொன்னார். கையிலிருந்தது 1634ஆம் ஆண்டின் நாட்காட்டி. அதையே தலைமுறை தலைமுறையாகச் சந்திரமானக் கணக்கோடு பொருத்திக்கொண்டார்கள். லத்தீன் சொற்களும் போர்த்துகேயச் சொற்களும் பொருள் மறந்து உருத்திரிந்துபோன பின்னும், வெளியே கேளாத மெல்லிய குரலில் அவற்றை ஜெபித்தார்கள். சீனத்திலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான் கன்னோன் சுரூபம் பார்ப்பவருக்குப் பௌத்த தேவதை, வீட்டாருக்குத் தேவமாதா. ஒருவர் இறந்தால் பௌத்த பிக்கு வந்து சூத்திரம் ஓதுவது சட்டம். அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓதலின் பலன் இறந்தவரைத் தொடாதபடி பக்கத்து அறையில் சிலர் அமர்ந்து தங்கள் ஜெபத்தைச் சொன்னார்கள். ஏழு தலைமுறை கழிந்தபின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார் கரிய பெரிய கப்பல்களில் வருவார்கள் என்று பஸ்தியான் என்ற உபதேசியார் சொல்லிச் சென்றதாக ஒரு நம்பிக்கை அவர்களிடையே நிலவியது. அவர்கள் காத்திருந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு என்பதைக் கவனிக்கவேண்டும்.

தடை அமலிலிருக்கும்போதே, துறைமுகத்துக்கு வந்த அந்நியருக்கென்று நாகசாகியின் ஓவுராவில் ஒரு கோயில் எழும்பிற்று. அதைக் கட்டியவர்கள் புதுச்சேரியிலும் வேதம் போதித்துவந்த பாரீஸ் அந்நிய வேதபோதக சபையின் குருமார். 1865 மார்ச் 17ஆம் தேதி நண்பகலில், அங்கிருந்த பெர்னார் பெத்திழான் சுவாமி, கோயில் வாசலில் தயங்கி நின்ற சில நாட்டுப்புறத்தாரைக் கண்டு கதவைத் திறந்துவிட்டுப் பீடத்தின்முன் ஜெபிக்கச் சென்றார். அவர்களில் ஒரு பெண்மணி அவரருகே வந்து, தங்கள் எல்லோருடைய இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, சாந்த மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். உராகாமியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அது தவசுகாலம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். குருவின்றி ஏழு தலைமுறை வாழ்ந்த மக்களின் கணக்குப் பிசகவில்லை.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஒளிந்திருந்தவர்கள் இனி ஒளிய மறுத்தார்கள். பௌத்த பிக்குவின்றித் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். 1867இல் கைதுகள் தொடங்கின. அடுத்துவந்த ஆண்டுகளில் ஊர் முழுவதும், சுமார் 3,400 பேர், நாட்டின் பல பாகங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். ட்சுவானோ என்னும் ஊரில் சிலர் பனிபெய்யும் காலத்தில் உறைந்த குளத்தில் இறக்கப்பட்டார்கள். மூன்றடிக் கூண்டில் அடைக்கப்பட்டார்கள். அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். வேதனை தாளாமல் மறுதலித்தவர்களும் பலர். அவர்களிலும் பலர் பின்பு வந்து தங்கள் மறுதலிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டு, மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினர்.

திரும்பியவர்கள் செய்த ஒரு காரியம் என் நெஞ்சைவிட்டு அகலாதது. தங்கள் முன்னோர் ஆண்டுதோறும் தகட்டை மிதித்த அந்த மணியக்காரர் வீட்டு மனையையே வறுமையோடு வறுமையாகப் பணம் சேர்த்து விலைக்கு வாங்கி, அங்கே கோயில் எழுப்பினார்கள். 1895இல் தொடங்கிய கட்டடம் 1914இல்தான் முடிந்தது. அவமானத்தை மறைக்க அவர்கள் வேறு இடம் தேடவில்லை. விழுந்த இடத்திலேயே பீடத்தை வைத்தார்கள்.

1945 ஆகஸ்டு 9ஆம் தேதி அணுகுண்டு அந்தக் கோயிலிலிருந்து சுமார் ஐந்நூறு மீட்டர் தொலைவில் வெடித்தது. தேவமாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளை முன்னிட்டு உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. இருந்தவர் எல்லோரும் மாண்டனர். பங்கைச் சேர்ந்த பன்னிரண்டாயிரம் பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். மனைவியை இழந்து, கதிரியக்கத்தால் நோயுற்றுக் கிடந்த மருத்துவர் தக்காஷி நாகாய், மாண்டவர்களைக் கடவுளுக்குச் செலுத்திய தகனபலி என்று இரங்கலுரையில் வருணித்தார். அந்த மனிதரின் பரிசுத்தத்தை நான் வணங்குகிறேன். எனினும் மனிதர் செய்த கொலையைக் கடவுளின் சித்தத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைக்க என் மனம் ஒப்பவில்லை. துன்பத்தில் விசுவாசம் ஆழங்காண்பது உண்மையென்பதால், துன்பம் விளைத்தவரின் குற்றம் ஓர் அணுவும் குறைந்துவிடாது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1873க்குப் பின் எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பிவிடவில்லை. இக்கிட்சுக்கி முதலிய தீவுகளில் பலர் தங்கள் மூதாதையர் காத்த முறையே தங்களுக்குப் போதும் என்று தனித்தே நின்றுவிட்டார்கள்.

அன்று உராகாமியிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களில் இவானாகா மாக்கி என்ற இளம்பெண் ஒருத்தி இருந்தாள். ஒக்கயாமா பகுதியில் தண்டனைக்காலத்தைக் கழித்து, 1873இல் இருபத்து நான்கு வயதில் உராகாமிக்குத் திரும்பினாள். மறுவருடமே அப்பகுதியில் சீதபேதி பரவிற்று. மார்க் த ரோட்ஸ் என்ற பிரெஞ்சுக் குருவானவர் மருந்துப்பெட்டியோடு வீடுவீடாகச் சென்றபோது, மாக்கியும் வேறு சில பெண்களும் அவருக்குத் துணைநின்று, பிறர் தொட அஞ்சிய நோயாளிகளைப் பராமரித்தார்கள். தங்கள் வீட்டாருக்கு நோயைக் கொண்டுபோய்விடக்கூடாதென்று தனியே ஓரிடத்தில் தங்கினார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளை மாக்கி எடுத்துவந்து வளர்க்கலானாள்; ஒன்று பலவாயிற்று. வயலில் உழைத்துச் சம்பாதித்ததைக்கொண்டு அந்தப் பெண்கள் அவர்களுக்குச் சோறிட்டார்கள். அந்தக் கூட்டம் பின்னர் ஒரு கன்னியர் சபையாகவே வளர்ந்தது. 1920இல் தான் இறக்கும்வரை மாக்கி அந்த வேலையை விடவில்லை.