கரண்டு போனா ரெக்கார்டிங்: வீட்டுலயே முதல் ஆல்பம் முடிக்கிறது எப்படி?

கிடார் வாசிக்கிற, பாடுற, பீட் போடுற எல்லார் லேப்டாப்லயும் 'ஆல்பம்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். திறந்து பார்த்தா நாலு வாய்ஸ் நோட், பாதியில நின்ன ஒரு பாட்டு, 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு'ன்னு மூணு ஃபைல். ஏன் முடிக்கலைன்னு கேட்டா வர்ற பதிலும் ஒண்ணுதான்: "நல்ல மைக் வாங்கணும் மச்சி, ஸ்டுடியோ கிடைச்சா முடிச்சிருவேன்."

இந்தக் கட்டுரை அந்த ஃபோல்டருக்காக எழுதுறது. எங்க ஊர் வீரசோழன். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காடு, சீமைக்கருவேலம், ஆட்டுச்சந்தை. இதுதான் ஊர். போன லீவுல நாங்க மூணு பேர் வீட்டுலயே ஆறு பாட்டு ரெக்கார்ட் பண்ணி, மிக்ஸ் பண்ணி முடிச்சோம். கையில இருந்தது ரெண்டு இன்புட் உள்ள பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ், இரவல் வாங்கின ஒரு டைனமிக் மைக், காதை முழுசா மூடுற ஒரு ஹெட்போன், ஒரு லேப்டாப். அவ்வளவுதான்.

ஆறு பாட்டுல ஒண்ணு எங்க அப்பத்தா பாடினது. களை எடுக்கும்போது பாடுற பாட்டு. அவங்களுக்கு வயசு 78. மூச்சு வாங்கும், ஒரு நாளைக்கு ரெண்டு டேக்குக்கு மேல முடியாது. அதே பாட்டை முழுசா பாடத் தெரிஞ்ச இன்னொருத்தர் எங்க தெருவுல இல்ல. அதனால "மிக்ஸ்ல பாத்துக்கலாம்"ங்கற பேச்சுக்கே இடமில்ல. அந்த ஒரு பாட்டுக்காகத் தேடிப் படிச்ச விஷயங்கள்தான் மத்த அஞ்சு பாட்டையும் காப்பாத்துச்சு. சுருக்கமா சொன்னா: அமைதி, தூரம், லெவல். இந்த மூணும் சரியா இருந்தா மிக்ஸிங் சின்ன வேலை. மூணுக்கும் காசு வேண்டாம்.

வீட்டுல பண்ணா அது ஆல்பமா?

ஆல்பம்தான். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில நியூ ஜெர்சி வீட்டு பெட்ரூம்ல, நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்ல சில பாட்டுகளைப் பாடி வச்சார். பேண்டுக்குப் போட்டுக் காட்டுறதுக்கான டெமோ அது. அப்புறம் பேண்டோட சேர்ந்து வாசிச்சுப் பார்த்ததுல அந்த உணர்வு வரல. கடைசியில அந்தக் கேசட்டையே அதே வருஷம் 'நெப்ராஸ்கா'ன்னு ஆல்பமா வெளியிட்டாங்க. பில்லி ஐலிஷும் அவங்க அண்ணன் ஃபின்னியஸும் வீட்டு பெட்ரூம்ல பண்ணின ஆல்பத்துக்கு 2020-ல 'ஆல்பம் ஆஃப் தி இயர்' கிராமி கிடைச்சது.

நம்ம பக்கத்துல ஏ.ஆர். ரஹ்மான். 'ரோஜா' 1992-ல வந்தது. அதுக்குச் சில வருஷம் முன்னாடியே சென்னையில வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்'னு சொந்த ஸ்டுடியோ கட்டிட்டார். அது நம்ம பெட்ரூம் மாதிரி இல்ல, முறையான ஸ்டுடியோ. ஆனா அதுல நமக்கும் கிடைக்கிற ஒண்ணு இருக்கு: மணிக்கு இவ்வளவுன்னு வாடகை ஓடாத நேரம்.

முதல்ல கைத்தட்டுங்க

ரூமுக்கு நடுவுல நின்னு ஒரு தடவை பலமா கைத்தட்டுங்க. 'டர்ர்'னு ஒரு உலோகச் சத்தம் பின்னாடியே வருதா? எதிரெதிர் சுவர் ரெண்டுக்கும் நடுவுல சத்தம் பந்து மாதிரி போய் வருதுன்னு அர்த்தம். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. கைத்தட்டு கிட்டத்தட்ட ஒரு இம்பல்ஸ், கேட்கிறது அந்த ரூமோட இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். நீங்க பாடுற ஒவ்வொரு எழுத்தும் அதோட கன்வல்யூஷன் ஆகித்தான் மைக்குக்குள்ள போகும். ஒருதடவை சேர்ந்துட்டா பிரிச்சு எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

முட்டை அட்டையைச் சுவர்ல ஒட்டாதீங்க. அது மெல்லிசு, கீழ் ஸ்தாயி சத்தத்தை ஒண்ணும் பண்ணாது, தீப்பிடிக்கவும் செய்யும். வேண்டியது கனமும் பஞ்சும். இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி, நாலா மடிச்ச ஜமுக்காளம், துணி நிறைஞ்ச பீரோ. மைக் முன்பக்கச் சத்தத்தைத்தான் அதிகமா வாங்கும், அதனால பாடுறவரோட முதுகுக்குப் பின்னாடி மெத்தையை நிறுத்துங்க. பீரோ கதவைத் திறந்து வைங்க. திரும்பக் கைத்தட்டிப் பாருங்க, 'டப்'புன்னு நின்னுடும்.

கரண்டு போற நேரம் நல்ல நேரம்

ஃபேனை நிறுத்தினாதான் நம்ம வீட்டுல எவ்வளவு சத்தம் இருக்குன்னு தெரியும். ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார், எதிர் வீட்டு சீரியல். இது எல்லாம் ஒரே நொடியில நிக்கிற நேரம் ஒண்ணு இருக்கு: பவர் கட். யூ.எஸ்.பி இன்டர்ஃபேஸ் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும். லேப்டாப்பை முழு சார்ஜ்ல வச்சிருந்தா கரண்டு போன அந்த ஒரு மணி நேரம் உங்களோடது.

இன்னொரு லாபமும் இருக்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பாயிண்ட்ல சார்ஜர் சொருகி ரெக்கார்ட் பண்ணா 50, 100, 150-ன்னு அதோட மடங்குகள்ல 'ம்ம்'னு ஒரு ரீங்காரம் கூடவே வரும். சார்ஜரைப் பிடுங்கினாலே பெரும்பாலும் போயிடும்.

மத்த சத்தத்துக்கு டைம்டேபிள் போடுங்க. எங்க ஊர்ல அஞ்சு வேளை பாங்கு நேரம் எல்லாருக்கும் தெரியும், அதை ஒட்டி டேக் வைக்க மாட்டோம். சந்தை நாள்ல ஆடும் வேனும் வர்றதால மைக்கையே வெளிய எடுக்க மாட்டோம். உங்க தெருவுல விசைத்தறி ஓடுதுன்னா அது நிக்கிற நேரத்தைக் கேட்டு வச்சுக்கங்க. ஒவ்வொரு தடவையும் யாரும் பேசாம 20 நொடி வெறும் ரூம் சத்தத்தையும் ரெக்கார்ட் பண்ணுங்க. எடிட் பண்ற இடத்துல ஓட்டை தெரியாம அடைக்க அதுதான் உதவும்.

ஒரு சாண் தூரம்

மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல உள்ள தூரம் இரட்டிப்பானா நேரடிச் சத்தம் 6 டெசிபல் குறையும். ரூம்ல சுத்துற எதிரொலி மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 15 சென்டிமீட்டர்ல பாடுறதுக்கும் 60-ல பாடுறதுக்கும் 12 டெசிபல் வித்தியாசம். மோசமான ரூமா? கிட்ட வாங்க. ரொம்பக் கிட்ட வந்தா குரல்ல பேஸ் ஏறும், 'ப' வர்ற இடத்துல காத்து மோதும். ஒரு சாண் நல்ல அளவு. மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி வச்சா காத்து தப்பிச்சுப் போயிடும்.

வயசானவங்க பாடும்போது தலை அசையும், கை போகும். "ஆடாம பாடுங்க"ன்னு சொன்னா பாட்டு செத்துடும். அவங்களைப் பழகின இடத்துல உட்கார வச்சு, மைக்கைக் கொஞ்சம் தள்ளி, ரெண்டு சாண்ல வைங்க. மெத்தையை இன்னொண்ணு கூட்டிக்கங்க. முதல் தடவை "சும்மா ஒத்திகை"ன்னு சொல்லும்போதே ரெக்கார்டிங்ல போட்டுடுங்க. எங்க ஆல்பத்துல இருக்கிறது அந்த ஒத்திகைதான்.

லெவல், தாமதம்

ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். மனுஷக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நைக்விஸ்ட் சொன்னபடி அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா போதும். 96-ம் 192-ம் நம்ம ஹார்ட் டிஸ்க்கைத்தான் நிரப்பும்.

மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பூஜ்ஜியத்தைத் தொட்டா அலை மேல வெட்டுப்படும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. "சத்தம் கம்மியா இருக்கே, குவாலிட்டி போகாதா?" ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். மைனஸ் 12-ல நிறுத்தினா ரெண்டு பிட் போகும், 22 மிச்சம். சி.டி.யில இருக்கிறதே 16 பிட்தான்.

ஹெட்போன்ல உங்க குரல் தாமதமா கேட்டா பஃபர் சைஸைப் பாருங்க. 44.1-ல 1024 சாம்பிள்னா 23 மில்லி செகண்ட். காத்துல சத்தம் அதுக்குள்ள 8 மீட்டர் போயிடும், அதாவது நீங்க தெருமுனையில நின்னு உங்களையே கேட்கிற மாதிரி. ரெக்கார்டிங்ல 128, மிக்ஸிங்ல 1024 வைங்க.

மெட்ரோனோம் யாருக்கு?

பேண்ட் பாட்டுக்கு கிளிக் வேணும். களை எடுக்கிற பாட்டுக்கு வேண்டாம். அந்தத் தாளம் கையும் மூச்சும் போடுற தாளம், வரிக்கு வரி நீளும், குறுகும். குரலை முதல்ல தனியா எடுத்துட்டு, அதுக்கேத்த மாதிரி தாளமும் கிடாரும் வாசிங்க. கிடாரையும் பாடினவரோட சுருதிக்கு இறக்குங்க. ஆட்டோடியூன் போடாதீங்க. அது குரலைப் பன்னிரண்டு சுரத்துல ஏதாவது ஒண்ணுக்கு இழுத்துட்டுப் போகும். இந்தப் பாட்டோட உயிர் அந்தச் சுரங்களுக்கு நடுவுல வழுக்குற இடத்துலதான் இருக்கு.

பறை மாதிரி தோல் வாத்தியத்தை ரூமுக்குள்ள அடிச்சா சுவர்தான் கேட்கும். கோடையில வத்திப்போன கண்மாய்க்குள்ள போயிடுங்க. சுவரே இல்லாத இடம், காசு கொடுத்தாலும் கிடைக்காத ஸ்டுடியோ. காத்து கிளம்புறதுக்கு முன்னாடி, விடிஞ்ச உடனே போங்க. தோலைத் தீயில காய்ச்சின கையோட ரெக்கார்ட் பண்ணுங்க, ஆறினா சுதி இறங்கும். மைக்குக்கு ஒரு பஞ்சு உறை, ஒரு ஆள் தூரம்.

மிக்ஸ்: யாரு முன்னாடி நிக்கணும்?

மென்பொருளுக்குக் கவலை வேண்டாம். ஆடாசிட்டி, ஆர்டர், ரீப்பர், எது பழகுதோ அது. வரிசை இதுதான்.

முதல்ல எல்லா எஃபெக்ட்டையும் அணைச்சுட்டு வால்யூமை மட்டும் சரி பண்ணுங்க. இந்தப் பாட்டுல யாரு முன்னாடி நிக்கணும்னு முடிவு எடுக்கிறதுதான் மிக்ஸ். குரல்னு முடிவெடுத்தா மத்த எல்லாரும் அதுக்கு வழிவிடணும்.

அடுத்து ஈக்யூ. குரல்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, அங்க மேஜை அதிர்வும் காத்தும்தான் இருக்கு. 200 முதல் 400 வரைக்கும் கிடார், குரல், கீபோர்டு எல்லாம் முட்டி மோதுற இடம். பின்னணியில இருக்கிறதை அங்க கொஞ்சம் குறைச்சா குரல் தானா தெளியும்.

அப்புறம் கம்ப்ரஸர். 4:1-ன்னா, நீங்க வச்ச எல்லையைத் தாண்டி 4 டெசிபல் ஏறுற சத்தம் 1 டெசிபல்தான் ஏறி வெளிய வரும். கத்துற வரிக்கும் முனகுற வரிக்கும் இடைவெளி குறையும். மூச்சு இழுக்கிற சத்தமே பாட்டை விடப் பெருசா கேட்டா, ரொம்ப அழுத்திட்டீங்கன்னு அர்த்தம்.

கடைசியா ரிவர்ப். பழைய கல்மண்டபம் ஒண்ணுல அனுமதி கேட்டு ஒரு பலூனை உடைச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. அதைக் கன்வல்யூஷன் ரிவர்ப்ல போட்டா உங்க குரல் அந்த மண்டபத்துக்குள்ள போயிடும். செமஸ்டர்ல போட்ட கணக்கு காதுல கேட்கும்.

மெதுவான சத்தத்துல மிக்ஸ் பண்ணுங்க. வால்யூம் ஏற ஏற பேஸ் அதிகமா கேட்கும்னு ஃபிளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் 1933-லயே அளந்து காட்டிட்டாங்க, அந்த மயக்கத்துல எல்லா மிக்ஸும் நல்லாத்தான் இருக்கும். அடுத்த நாள் காலையில போன் ஸ்பீக்கர்ல, பஸ்ல, டீக்கடை சத்தத்துல கேளுங்க. வரிகள் புரியுதா? புரிஞ்சா மிக்ஸ் முடிஞ்சது.

மாஸ்டர்ல போட்டி போட்டுச் சத்தத்தை ஏத்தாதீங்க. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டு வருது. அதுக்கு மேல அழுத்தினா அது இறக்கிடும், நசுங்கினது மட்டும் மிச்சம்.

வெளியிடுறதுக்கு முன்னாடி

மரபுப் பாட்டுக்கு 'வரிகள்: நான்'னு போடாதீங்க. 'மரபுப் பாடல்'னு போட்டு, பாடினவர் பேர், ஊர், ரெக்கார்ட் பண்ணின தேதியைச் சேருங்க. 1957 காப்புரிமைச் சட்டம் பாடினவருக்கு நிகழ்த்துநர் உரிமைன்னு ஒண்ணு 50 வருஷத்துக்குத் தருது. உங்க பாட்டியா இருந்தாலும், எங்க போடப் போறோம், யாரு கேட்பாங்கன்னு சொல்லி சம்மதம் கேளுங்க. காசு வந்தா பங்கு கொடுங்க.

பக்கத்து சிவகங்கை மாவட்டத்து கொல்லங்குடி கருப்பாயி அம்மா குரல் ரேடியோவுலயும், 1985-ல வந்த 'ஆண்பாவம்' படத்துலயும் பதிவாகியிருக்கு. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் மதுரையில இருந்து ஊர் ஊரா போய்ப் பாட்டுச் சேகரிச்சாங்க. அவங்க யாரும் வந்து சேராத தெருக்கள் நிறைய இருக்கு. அந்தத் தெருவுல இப்ப மைக் வச்சிருக்கிறது நீங்க மட்டும்தான்.

மிக்ஸ் பண்ணாத ஒரிஜினல் டிராக்குகளை வேவ் ஃபைலா ரெண்டு தனித்தனி இடத்துல சேமிங்க. பத்துப் பாட்டு வேண்டாம், நாலோ அஞ்சோ போதும். வெளியிடுற தேதியை இன்னைக்கே குறிச்சு ரெண்டு பேர்கிட்ட சொல்லிடுங்க. வயசானவங்க பாட்டு ஏதாவது உங்க லிஸ்ட்ல இருந்தா அதை முதல்ல ரெக்கார்ட் பண்ணுங்க, உங்க பாட்டு அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கும்.