வியாழனை யார் கண்காணிப்பது?

அணுபுரத்தில் சோடியத்தைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையின் வெப்பத்தைச் சுமந்து செல்வது திரவ சோடியமே. அதே தனிமத்தின் மஞ்சள் ஒளியை, 1970-களின் தொடக்கத்தில், வியாழனின் துணைக்கோளான அயோவுக்கருகே இராபர்ட் பிரவுன் கண்டார். 1976-இல் இஸ்ரேலிய வானியலாளர்கள் அங்கே கந்தக அயனிகளின் சிவப்பு ஒளியையும் கண்டனர். இவை எங்கிருந்து வந்தன? 1979 மார்ச்சில் வாயேஜர்-1 அயோவில் எரிமலைகளைக் காட்டியபோது விடை கிடைத்தது.

அயோவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் கந்தகமும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன. எலெக்ட்ரான்களை இழந்ததும் அவற்றை வியாழனின் காந்தப்புலம் பற்றிக்கொள்கிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழல்கிறது; அயோ ஒரு சுற்று முடிக்க 42 மணி நேரமாகிறது. ஆகவே காந்தப்புலத்துடன் சுழலும் பிளாஸ்மா, நொடிக்குச் சுமார் 57 கி.மீ. வேகத்தில் அயோவை முந்திச் செல்கிறது. அதன் எலெக்ட்ரான்கள் பல பத்தாயிரம் பாகை வெப்பமுடையவை. ஆனால், ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பவை சுமார் இரண்டாயிரம்தான். அங்கே கை நீட்டினால் சூடு தெரியாது!

அத்தனை மெல்லிய பொருளை அளப்பது எப்படி? எலெக்ட்ரான் மோதும்போது அயனி கிளர்ச்சியுற்று, தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறது. கந்தகத்தின் 671.6, 673.1 நானோமீட்டர் கோடுகளின் பிரகாச விகிதம் அடர்த்தியைச் சொல்லிவிடும். ஆற்றலின் பெரும்பகுதி புறஊதா ஒளியாக வெளியேறுகிறது. நம் காற்று மண்டலம் அதை மறைத்துவிடுவதால் விண்வெளிக்குத்தான் செல்ல வேண்டும்.

2013-இல் ஜப்பான் ஏவிய ஹிசாகி, 20 செ.மீ. ஆடி கொண்ட சிறிய தொலைநோக்கி. பல மாதங்கள் தொடர்ந்து ஒரே கோளைப் பார்க்க முடிந்ததே அதன் பலம். 2015-இல் எரிமலைச் சீற்றத்தைத் தொடர்ந்து பிளாஸ்மா மாறியதை அது பதிவு செய்தது. 2023-இல் அதன் பணி முடிந்தது. நமது அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி 130 நானோமீட்டருக்குக் கீழே பார்ப்பதில்லை. பிளாஸ்மாவின் வலுவான ஒளியோ 68 நானோமீட்டர் அருகே.

சிறிய செயற்கைக்கோள்களில் தேர்ந்த நாடு இந்த இடத்தை நிரப்பத் தயங்குவது எனக்குப் புரியவில்லை. அதுவரை, சிவப்புக் கோடுகளையாவது தரையிலிருந்து பார்க்கலாம். 1972-இல் வியாழனின் மற்றொரு துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்த காவலூரில், வியாழன் நன்கு தெரியும் மாதங்களில் சில இரவுகளை மாணவர்களுக்கு ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.