ரெசின் பேனாவில் குமிழி ஏன் வருகிறது?

புதுச்சேரியின் கடற்காற்றில் ரெசின் பேனா வார்க்கப் பழகுபவரை முதலில் படுத்துவது ஈரம்தான். பாலியூரித்தேன் ரெசினிலுள்ள ஐசோசயனேட், தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும், வார்ப்பு நுரைத்துப்போகும். மரத்துண்டைச் சேர்த்து வார்ப்பதானால் அதை ஈரமில்லாமல் உலர்த்தியே ஆகவேண்டும். ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது; காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம். எபாக்சிக்கு ஈரத்தொல்லை குறைவு, ஆனால் இறுக நேரமெடுக்கும்.

கலக்கும்போது புகுந்த காற்று? அச்சை அழுத்தக் கலத்தில் வைத்து அழுத்தத்தை 4 மடங்காக்கினால், பாயில் விதிப்படி குமிழியின் கன அளவு கால் பங்காகிவிடும். அந்த அழுத்தத்திலேயே ரெசின் இறுகிவிட்டால் குமிழி மறுபடி விரியாது.

கடைசலில் பிரச்சினை வெப்பம். ரெசின் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மழுங்கிய உளி உரசிய இடம் இளகும், சில்லும் பெயரும். கூரான உளியோ சுருள் சுருளாகச் சீவும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பதும் சூட்டைத் தணிக்கத்தான்.

ரெசினுக்கு மாற்றும் உண்டு: திருவள்ளூரின் ரங்கா பேனாக்கள் பெயர்பெற்றது எபோனைட்டில். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் அது; கோலாகவே கிடைப்பதால் வார்க்கும் வேலையே இல்லை. கடைசல் மட்டும் பழக நினைப்பவருக்கு நான் சொல்வது எபோனைட்தான்.