பிக்கப் வேனுக்கு கூடுதல் பட்டை: பிரேக் ஏமாறும் ஆபத்து!

மடத்துக்குளம்,

உடுமலை-பழனி ரோட்டில் மடத்துக்குளம் வழியாக தேங்காய், பனியன் பண்டல் ஏற்றிச்செல்லும் பிக்கப் வேன்கள் ஏராளம். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தொங்குதே என்று சிலர் லீப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைக்கிறார்கள். வண்டி 'கெத்தா' நிற்கும். ஆனால் காலியாக ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் உயர்வதால் ஹெட்லைட் வெளிச்சமும் கிட்டத்திலேயே விழும்.

இதைவிட பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. சில பிக்கப்களில், பாரத்தால் பாடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே ஒரு வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். பட்டை கூட்டினால் பாடி தாழாது. உடனே வண்டி காலி என்று 'நினைத்து' வால்வு பிரேக்கை குறைத்துவிடும்.

சரி, பட்டையை கழற்றி தாழ்த்தினால்? குலுக்கல் குறையும். பாரம் ஏற்றியதும் அச்சு ரப்பர் கட்டையில் இடிக்கும்.

பட்டை கூடினாலும் டயர், பிரேக், அச்சு பழையதுதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20 ஆயிரம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் தலா ரூ.2 ஆயிரம் தனி.

தொய்ந்துபோன பட்டை என்றால் கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது. சில நாள் ஓட்டியபின் 'யு' போல்ட்டை மறுபடி முறுக்க மறக்கக்கூடாது.